வெள்ளி விலை ஏறுது: நாம என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் பேரவைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும், மதுரை நகரத்து வார்டுகளில் இருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

நம்ம குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கேள்வி இது. "தங்கம் நமக்கு எட்டாக்கனி ஆயிருச்சு. வெள்ளியாவது வாங்கிப் போடலாமா? குழுவுல உள்கடன் எடுத்து வாங்குனா என்ன? விலை ஏறினதும் வித்து அடைச்சிடலாம்ல?" சில குழுக்களில் இதற்குத் தீர்மானம் போடவே தயாராகிவிட்டார்கள். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கூட்டமைப்பிடம் பதில் கேட்டார்கள். அதனால்தான் இந்த உரை.

கேள்வி நியாயமானது. 2025 ஜனவரியில் ஒரு கிலோ வெள்ளி ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய். அதே வருடம் அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்தே மாதத்தில் இரட்டிப்பு. இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதே அக்டோபர் முடிவதற்குள் கிலோவுக்கு 30 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் இறங்கியது. டிசம்பரில் மறுபடி ஏறி, பழைய உச்சத்தையும் தாண்டியது. 2026 ஜனவரி கடைசியில் உலகச் சந்தையில் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. ஏறினதை மட்டும் பேசுகிறோம், இறங்கினதைப் பேசுவதில்லை. இன்று இரண்டையும் பேசுவோம்.

வெள்ளி நமக்குப் புதுசு இல்லை

குழந்தை பிறந்தால் அரைஞாண், தண்டை. பெரியவளானால் கொலுசு. கல்யாணத்துக்கு மெட்டி, குங்குமச் சிமிழ், காமாட்சி விளக்கு. தெற்காவணி மூல வீதிக்குப் போய் ஒரு ஜோடி கொலுசாவது வாங்காத குடும்பம் நம்ம பக்கம் அபூர்வம். சேலம் பக்கத்துப் பட்டறைகளில் செய்த கொலுசுதான் நம் கால்களில் பாதி.

ஒரு காலத்தில் வெள்ளிதான் பணமே. வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய் நாணயம் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 12 பங்கில் 11 பங்கு சுத்த வெள்ளி. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1940-ல், அதைப் பாதி வெள்ளியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளியை எடுத்துவிட்டு நிக்கலில் அடித்தார்கள். பாட்டி வைத்துவிட்டுப் போன பழைய ரூபாய் யாரிடமாவது இருந்தால், விற்கும் முன் வருஷத்தைப் பாருங்கள். 1940-க்கு முந்தியதில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி இருக்கும். பிந்தியதில் 6 கிராம்கூட இருக்காது. இரண்டையும் ஒரே விலைக்கு எடை போட்டு எடுத்தால் ஏமாறுவது நாம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு உறுப்பினர் கேட்டார்: "வீடு, நிலமெல்லாம் அவுக பேர்ல. என் பேர்ல இருக்கறது கால்ல கெடக்கற கொலுசு மட்டுந்தான். அதையும் வேண்டாம்னா எப்படி?" இந்தக் கேள்விக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். பெண்ணுக்குச் சீதனமாக வந்த நகை அவளுக்கே சொந்தம், புருஷனுக்கு அதில் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே வெள்ளி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எந்தக் காசில் வாங்குவது, எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதுதான் பேச்சு.

ஏன் இப்படி ஏறி இறங்குது?

தங்கத்தின் பெரும்பகுதி நகையாகவும் கட்டியாகவும் பெட்டிக்குள் போய்விடுகிறது. வெள்ளி அப்படி இல்லை. பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குப் போகிறது. மாடியில் வைக்கிற சூரிய ஒளித் தகடு, செல்போன், மின்சாரக் கார், எல்லாவற்றிலும் வெள்ளி இருக்கிறது. இது ஒரு காரணம்.

இரண்டாவது, வெள்ளிக்கென்று தோண்டுகிற சுரங்கம் கொஞ்சம்தான். ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே கிடைப்பதுதான் பெரும்பங்கு. அதனால் விலை ஏறினாலும் உடனே கூடுதலாக எடுக்க முடியாது.

மூன்றாவது, உலகத்தில் சண்டை, வரி, வட்டி, டாலர் பற்றிப் பயம் வந்தால் பணக்காரர்கள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஓடுகிறார்கள். வெள்ளிச் சந்தை தங்கச் சந்தையைவிடச் சிறியது. சின்னக் குளத்தில் பெரிய மாடு இறங்கினால் தண்ணீர் கரைக்கு மேலே வரும். மாடு ஏறிப் போனால் தண்ணீர் கீழே போகும்.

நான்காவது, அரசு அறிவிப்பு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்தில் இருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கே விலை இறங்கியது. முந்தின நாள் வாங்கினவருக்கு அது நஷ்டம்தானே?

இந்த நாலில் ஒன்றுகூட நம் கையில் இல்லை.

கஷ்ட காலத்தில் வெள்ளி கை கொடுத்ததா?

மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

*2011:* அந்த ஏப்ரலில் வெள்ளி கிலோ 70 ஆயிரத்தைத் தாண்டியது. "இனிமே இறங்காது, லட்சம் போகும்" என்று எல்லாரும் பேசினார்கள். 2015 கடைசியில் அது பாதி விலைக்கு வந்துவிட்டது. மறுபடி 70 ஆயிரத்தைப் பார்த்தது 2020 ஆகஸ்டில். உச்சத்தில் வாங்கினவர் போட்ட காசைப் பார்க்கவே 9 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 10,000 ரூபாயை 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 9 வருஷத்தில் 20,000 ஆகியிருக்கும்.

*2020:* கொரோனா ஊரடங்கு நினைவிருக்கிறதா? அந்த மார்ச் மாதம் வெள்ளி ஏறவில்லை, சரிந்தது. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 12 டாலருக்குக் கீழே போனது. நமக்கு அரிசிக்கும் மருந்துக்கும் காசு தேவைப்பட்ட அதே மாதம்! நகைக்கடைகளும் பூட்டிக் கிடந்தன. வங்கி மட்டும் குறைந்த நேரமாவது திறந்திருந்தது. வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் வைத்திருந்தவருக்கு அது உதவியது. பெட்டியில் வெள்ளி வைத்திருந்தவரால் அதை மாற்ற முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், விலை இரட்டிப்பானது உண்மை. ஆனால் பசி ஐந்து மாதம் காத்திருக்குமா?

*1980:* இது அமெரிக்கக் கதை. டெக்சாஸ் மாநிலத்தில் ஹண்ட் சகோதரர்கள் என்று எண்ணெய்க் கிணறு வைத்திருந்த பெரும் பணக்காரர்கள். விலைவாசி ஏறுது, காகிதப் பணத்துக்கு மதிப்பில்லை என்று வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். கையில் இருந்த காசு போதாமல் கடன் வாங்கியும் வாங்கினார்கள். 1980 ஜனவரியில் விலை அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்தது. கடன் கொடுத்தவர்கள் காசைக் கேட்டார்கள். இவர்களால் கட்ட முடியவில்லை. மார்ச் 27-ம் தேதி, ஒரு வியாழக்கிழமை, விலை 11 டாலருக்கும் கீழே வந்தது. 1988-ல் அவர்கள் திவால் மனு கொடுத்தார்கள்.

சகோதரிகளே, எண்ணெய்க் கிணறு வைத்திருந்தவனையே கவிழ்த்தது எது? வெள்ளி அல்ல, கடன். சொந்தக் காசில் வாங்கியிருந்தால் விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வட்டி காத்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நோட்டை எடுத்துக் கூடவே எழுதுங்கள். கணக்குக்காக வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை என்னவென்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். செய்கூலி, கழிவு எல்லாம் கடைக்குக் கடை மாறும். இது ஒரு மாதிரிக் கணக்கு.

கொலுசு, 100 கிராம்:
வெள்ளி விலை 20,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் 15 சதவீதம் என்றால் 3,000. ஆக 23,000. அதற்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 690. நாம் கொடுப்பது 23,690 ரூபாய்.
மறுநாளே விற்கப் போகிறோம். கொலுசு 80 டச் என்றால் 100 கிராமில் சுத்த வெள்ளி 80 கிராம்தான். கிடைப்பது 16,000 ரூபாய். போட்ட காசு திரும்ப வர வேண்டும் என்றாலே வெள்ளி விலை 48 சதவீதம் ஏற வேண்டும்.

நாணயம், 999 சுத்தம், 100 கிராம்:
வெள்ளி விலை 20,000. செய்கூலி 3 சதவீதம், 600. ஜி.எஸ்.டி. 618. நாம் கொடுப்பது 21,218 ரூபாய். விற்கும்போது 3 சதவீதம் கழித்தால் 19,400 கிடைக்கும். இதற்கு விலை 9 சதவீதத்துக்கு மேல் ஏறினால் போதும்.

இதே நாணயத்தை உள்கடனில் வாங்கினால்:
நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அசல் கட்டாமல் ஒரு வருஷம் வைத்திருந்தால் வட்டி 2,546 ரூபாய். இப்போது விலை 22 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நமக்கு நஷ்டமில்லை. வெளியே மீட்டர் வட்டிக்கு வாங்கினவர் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கணக்கில் இருந்து இரண்டு பாடம். கொலுசு போட்டு அழகு பார்க்க, முதலீடு செய்ய அல்ல. வெள்ளியைக் கடனில் வாங்கக் கூடாது.

வாங்குவது என்றால் எப்படி வாங்குவது?

1. நகையாக வேண்டாம், நாணயமாக அல்லது சின்னக் கட்டியாக வாங்குங்கள். 999 என்று இருக்க வேண்டும்.

2. பி.ஐ.எஸ். ஹால்மார்க் கேளுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்காமல், கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அதனால் வாங்குகிற நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளிக்கும் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து எண் வந்தது. அந்த எண்ணைச் செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் சுத்தம் எவ்வளவு என்று தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் பார்த்துச் சொல்லும்.

3. பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. கழிச்சுத் தாரேன்" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். நாளைக்கு எடையிலோ சுத்தத்திலோ குறை என்றால் கேட்பதற்குக் கையில் என்ன இருக்கும்?

4. வாங்கும் முன்பே கேளுங்கள்: "இதையே திருப்பிக் கொடுத்தா எவ்வளவு கழிப்பீங்க?" இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பார்த்து அப்புறம் வாங்குங்கள்.

5. ஒரே நாளில் மொத்தமாக வாங்காதீர்கள். அறுவடைக் காசோ, பூ வித்த காசோ, பால் காசோ, மிஞ்சுவதில் ஒரு பங்கு மட்டும், 10 கிராம், 20 கிராமாக. விலை கூடின மாதமும் வாங்குவோம், குறைந்த மாதமும் வாங்குவோம். சராசரி நமக்குச் சாதகமாக வரும்.

6. வெள்ளிக்கு இடம் அதிகம் வேண்டும். அரை கிலோ வெள்ளியை ஓட்டு வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள்.

வங்கிக் கணக்கும் டிமேட் கணக்கும் உள்ளவர்களுக்கு வெள்ளி இ.டி.எஃப். என்று ஒன்று 2022-ல் இருந்து இருக்கிறது. செபி விதியில் நடப்பது. செய்கூலி, திருட்டுப் பயம் கிடையாது. ஆனால் விலை அதேபோல ஏறும், அதேபோல இறங்கும். புரியாமல் யாரோ சொன்னார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டாம்.

சீட்டு என்று வந்தால் உஷார்

விலை ஏறும்போதெல்லாம் கூடவே முளைப்பது சீட்டு. "மாதம் 500 கட்டுங்க, தீபாவளிக்கு வெள்ளி விளக்கு", "லட்சம் போட்டால் மாதம் இவ்வளவு வட்டி, வருஷக் கடைசியில் நகை" என்று தெருவுக்கு வருவார்கள். வருகிறவர் தெரிந்த முகமாக இருப்பார். நம்ம குழு உறுப்பினராகவே இருப்பார். அதுதான் ஆபத்து.

2023-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, மதுரையிலும் கிளை வைத்திருந்த ஒரு பெரிய நகைக்கடை, திட்டத்தில் பணம் கட்டின மக்களை நடுத்தெருவில் நிற்கவைத்துப் பூட்டிவிட்டது. சினிமா நடிகரை வைத்து விளம்பரம் செய்த கடை அது. பெயரும் பளபளப்பும் உத்தரவாதம் ஆகாது.

நேர்மையான கடைகள் நடத்துகிற திட்டம் 11 மாதம் என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வருஷத்துக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் 'டெபாசிட்' ஆகிவிடும், அதற்குத் தனிச் சட்டம் உண்டு என்பதுதான் காரணம். அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மதுரையிலேயே பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் இருக்கிறது. கட்டின ரசீதை எடுத்துக்கொண்டு அங்கே புகார் கொடுக்கலாம். குழுவின் பெயரையோ, குழுக் கூட்ட இடத்தையோ எந்தச் சீட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

அடகு வைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள

வெள்ளி உண்மையாக உதவுவது இங்கேதான். விற்காமல், அவசரத்துக்கு வைத்துப் பணம் எடுக்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ல் தங்கம், வெள்ளிக் கடனுக்குப் புது விதிகளை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் அதற்கு மாற வேண்டும் என்று கெடு. அதில் நமக்கு முக்கியமானவை:

- வெள்ளி நகைக்கும் கடன் உண்டு. ஒருவருக்கு நகை 10 கிலோ வரை, நாணயம் 500 கிராம் வரை. கட்டி வெள்ளிக்குக் கடன் இல்லை.
- இரண்டரை லட்சத்துக்குள் கடன் என்றால் வெள்ளி மதிப்பில் 85 சதவீதம் வரை கிடைக்கலாம்.
- விலையைக் கடந்த 30 நாள் சராசரி, முந்தின நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதை வைத்துப் போடுவார்கள்.
- சுத்தம் சோதிக்கும்போது நாம் கூடவே இருக்க வேண்டும். எடை, சுத்தம், கழிவு எல்லாம் எழுதிக் கையில் தர வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்.
- முழுக் கடனும் கட்டியபின் அன்றே, அல்லது 7 வேலை நாளுக்குள் நகை திரும்ப வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

தெருமுனை அடகுக் கடைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே வைத்தால் உரிமம் இருக்கிறதா, எடை எழுதிய சீட்டு தருகிறாரா என்று பாருங்கள்.

முதலில் எது, பிறகு எது?

கையில் நாலு காசு மிஞ்சினால் எங்கள் யோசனைப்படி வரிசை இது:

முதலில், கந்துவட்டிக் கடனை அடைப்பது. மாதம் 5 வட்டி கட்டுகிறவருக்கு அதை அடைப்பதே வருஷத்துக்கு 60 சதவீத லாபம். எந்த வெள்ளியும் நிச்சயமாக அதைத் தராது.

இரண்டாவது, குழுச் சேமிப்பைத் தவறாமல் கட்டுவது.

மூன்றாவது, இரண்டு மாதச் செலவுக்கான பணம் வங்கியிலோ தபால் ஆபீசிலோ.

நான்காவது, காப்பீடு. வருஷம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கியிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம். பூக்கடைக்குப் போகிற வழியில் போட்டுவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் முடிந்து மிஞ்சினால், வெள்ளி. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை நமக்கெல்லாம் தெரியும். கூலி வேலை செய்தவர். 2001-ல் பிரதமர் வாஜ்பாய் கையால் ஸ்திரீ சக்தி விருது வாங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் அவர் கூட நின்ற பெண்களும் கந்துவட்டியை எதிர்த்து நின்றது விலை ஏறின உலோகத்தை வைத்தா? மாதா மாதம் போட்ட சில்லறையையும், ஒருத்தருக்கொருத்தர் கொடுத்த கடனையும் வைத்துத்தான். அந்தப் பெட்டியைத் திறந்து சந்தை விலைமேல் பந்தயம் கட்ட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

ஆகவே பேரவை முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, தங்கமோ வெள்ளியோ வாங்குவதற்கு உள்கடனும் வங்கிக் கடனும் கொடுப்பதில்லை. இரண்டு, தனியாரிடம் அதிக வட்டிக்கு அடகில் கிடக்கிற உறுப்பினர் நகையை மீட்க உள்கடனில் முன்னுரிமை கொடுப்பது. புதுக் கொலுசு வாங்கக் கடன் கிடையாது. அடகில் கிடக்கிற பழைய கொலுசைக் கால்களுக்குக் கொண்டுவரக் கடன் உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் படித்து, விவாதித்து, உங்கள் கருத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். அடகில் என்ன கிடக்கிறது, எவ்வளவு வட்டி என்ற பட்டியலையும் கூடவே அனுப்புங்கள். அந்தப் பட்டியல் வந்ததும் மீட்கிற வேலையைத் தொடங்குவோம்.